சூட்டறையில் ஒரு சிவப்புக் கார்

சௌந்தரபாண்டியன் வாழ்நாளெல்லாம் அஞ்சிய பகை ஒன்றுதான், அது ஈரம். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவருக்கு ஐப்பசி பிறந்தால் தூக்கம் போய்விடும். நமத்த குச்சியை எத்தனை முறை உரசினாலும் பற்றாது. ஆகையால், மழைக்காலத்தில் குச்சிகளை உலர்த்துவதற்கென்றே கரியடுப்பு மூட்டிய சூட்டறை ஒன்றைக் கட்டியிருந்தார்.

மதுரையில் நடந்த பழங்கார்க் கண்காட்சி ஒன்றில், வெள்ளைக்காரன் காலத்து வண்டியைச் சுற்றி மக்கள் மொய்த்ததைக் கண்டது முதல் அவருக்கு வேறோர் ஆசை பிடித்துக்கொண்டது. இன்றைய வண்டியும் நாளை அப்படி நிற்கும் என்று நம்பினார். தொண்ணூற்றொன்பதில், இருவர் மட்டுமே அமரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். ஊருக்குக் கொண்டுவந்த கையோடு பெட்ரோலை வடித்து, வண்டியைச் சூட்டறைக்குள் தள்ளி விட்டுப் பூட்டினார். ஈரம் அண்டாத இடம் அதைவிட வேறு ஏது?

அவர் மனைவி செண்பகவல்லிக்குக் குளத்தூர் பிறந்த ஊர். அந்தக் காரில் ஒரு தடவை அங்கே போய் இறங்கவேண்டும் என்பதே அவள் கேட்டதெல்லாம்.

“ஒன் வீட்டுக்காரர் காரு வாங்கினாரா, காலண்டரு வாங்கினாரான்னு எங்கண்ணன் கேக்காவ.”

“ஓட்டித் தேய்ச்சா அது வெறும் பழைய வண்டி, செண்பகம். ஓட்டாம வச்சாத்தான் நாளைக்குத் தேடி வருவாக. நாம கிழடான பொறவு அதுல ஊர் சுத்துவோம்.”

“நல்லாருக்கே! தரையோட தரையாக் கெடக்கு அந்த வண்டி. அப்ப ஏறி உக்கார எனக்கு முட்டி மடங்கணுமே!”

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிடும். அடுத்த தைப்பொங்கல் வரும். அவள் மீண்டும் கேட்பாள்.

இரண்டாயிரத்தெட்டில் செண்பகவல்லிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இருதயத்தில் வால்வு பழுது. மதுரையில் அறுவைச் சிகிச்சை என்று முடிவாயிற்று.

“நெஞ்சை அறுக்கதுக்கு முன்னால ஒருக்கா குளத்தூர் போயிட்டு வருவோமா? அந்தக் கார்ல?” என்றாள்.

அவர் அன்றே சூட்டறையைத் திறந்தார். புது பேட்டரி மாட்டி, பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருப்பினார். வண்டி முனகக்கூட இல்லை. மெக்கானிக் சுடலைமணி வந்து முன்மூடியைத் தூக்கினார். கை பட்ட இடமெல்லாம் குழாய்கள் நொறுங்கின.

“என்ன அண்ணாச்சி, காரை அப்பளமாக் காய்ச்சி வச்சிருக்கிய! சூட்டுல ரப்பர் பூராம் போச்சு. ஒயர் தோலெல்லாம் உரியுது.”

“மாத்திரலாம்லா?”

“அதை மாத்தலாம். இஞ்சினை ஓட்டுத கம்ப்யூட்டர் பெட்டியும்லா செத்துக் கெடக்கு. பழைய காலத்து வண்டின்னா கெட்டுப்போன பார்ட்டைப் பட்டறையில கடைஞ்சு போட்டுருவேன். இது அந்தப் பெட்டி சொன்னாத்தான் மூச்சே விடும். கம்பெனியும் இந்த மாடலை நிறுத்திட்டான்.”

சௌந்தரபாண்டியன் வீட்டுக்கு வந்து, மனைவியின் முகத்தைப் பாராமலே விவரத்தைச் சொன்னார்.

“சரி, விடுங்க. ஆபரேசன் முடிஞ்சு வந்து போவோம். நீங்க சாப்பிட்டியளா?” என்றாள் செண்பகவல்லி.

வாடகைக் காரில் மதுரைக்குப் போனார்கள். அவள் திரும்பி வரவில்லை.

மறு ஆண்டு, அரிய கார்களைச் சேகரிக்கும் முத்துசெல்வம் என்பவர் கோயம்புத்தூரிலிருந்து விசாரித்துக்கொண்டு வந்தார். டார்ச் விளக்கோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தவருக்குக் கண்கள் கலங்கிவிட்டன.

“இவ்வளவு கொஞ்சமா ஓடின வண்டி நாடு பூராத் தேடினாலும் கிடைக்காதுங்க. கம்ப்யூட்டரை எப்பாடுபட்டாவது வெளிநாட்டுல இருந்து வரவழைச்சிருவேனுங்க. இன்னும் இருபது வருசம் போகட்டும், இது முன்னாடி கூட்டம் நிக்குமுங்க. நீங்க தீர்க்கதரிசிங்க, சார்!”

இந்தப் பேச்சைக் கேட்கத்தான் சௌந்தரபாண்டியன் இத்தனை காலம் காத்திருந்தார். இப்போதோ, அவர் சூட்டறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. முத்துசெல்வம் காரின் கதவைத் திறந்து, இடப்பக்க இருக்கையின் மேலிருந்த பாலிதீன் உறையை மெல்ல விலக்கினார்.

“ஒரு மடிப்புக்கூட இல்லீங்களே! இதுல யாருமே உட்காரலீங்களா?”

“அவ கேட்டா, தம்பி. நான்தான் உக்கார வைக்கல.”