எய்தாரோ அத்தையின் பாதித் தோப்பு

எங்கள் நவூரு தீவில், கையில் வந்த பணத்தை வேண்டாம் என்ற பைத்தியம் என்று பெயர் வாங்கியவர் என் அத்தை எய்தாரோ. மேட்டில் இருந்த சின்னப் புன்னைத் தோப்பு அவருக்கும் அவர் தம்பியான என் அப்பா டெட்டோவாவுக்கும் பாதிப் பாதி. இருவரும் ஒத்துக்கொண்டால்தான் சுரங்கக்காரர்கள் அதில் கை வைக்க முடியும். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

சுதந்திரம் வந்து, பாஸ்பேட் சுரங்கமும் எங்கள் கைக்கு வந்த காலம் அது. உரத்துக்கான அந்த மண் கப்பலேறிப் போனது, பணம் வந்து குவிந்தது. வரி கிடையாது, வைத்தியத்துக்குக் காசு கிடையாது. வேலையை வெளியாட்களிடம் விட்டுவிட்டு எங்களவர்கள் கார் வாங்கினார்கள். அரை மணியில் சுற்றிவந்துவிடக்கூடிய தீவில் அப்பாவுக்கு மூன்று கார். ஒன்று பஞ்சரானபோது சாலையோரம் அப்படியே விட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டார். விட்டுவந்த காரில் பக்கத்து வீட்டுக் கோழிகள் குடியேறின.

அத்தை நடந்தே போவார். நோடி என்கிற கருப்புப் பறவைகள் கடலிலிருந்து புன்னைக்குத் திரும்பும் மாலை நேரத்தில், நீளக் கழியில் கட்டிய வலையோடு தோப்பில் நிற்பார். பறவைக் குரலைப் பதிவுசெய்த டேப்பை ஓடவிட்டால் அவை தாழ்ந்து வரும். ஆண்கள் செய்யும் வேலைதான் அது. மாமா இறந்த பிறகு யாரையும் கேட்காமல் கழியைத் தூக்கிக்கொண்டார்.

"அக்கா, டின்னு டின்னா மாட்டுக்கறி கெடக்கு. நீ என்னடான்னா குருவி புடிச்சிட்டுத் திரியுற. எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிக்கிறாங்க" என்பார் அப்பா.

"சிரிக்கட்டும்டா. மாட்டுக்கறி வரணும்னா கப்பல் வரணும். குருவி தானா வருது."

பிறகு பாஸ்பேட் அநேகமாகத் தீர்ந்தது. வெளிநாட்டில் போட்டுவைத்த பணத்தைப் பெரிய மனிதர்கள் கட்டடமும் ஹோட்டலுமாக வாங்கிக் கரைத்திருந்தார்கள். கைக்கு வந்துகொண்டிருந்த பணமும் நின்றது. கப்பல் தாமதமானால் கடையில் அரிசி இல்லை. மேடு முழுக்க மண் வழித்த பாறைமுட்கள்தான் மிச்சம். அங்கே ஒரு கீரை முளைக்காது. அந்த நாட்களில் இரண்டு வீட்டுக்கும் சோறு போட்டது அத்தையின் வலைதான்.

அப்பாவுக்குச் சர்க்கரை. ஒரு கால் ஏற்கெனவே போயிருந்தது. மற்றதும் கருக்க ஆரம்பித்தபோது, வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால் காலையும் உயிரையும் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அரசாங்கத்திடம் பணம் இல்லை. எங்களிடம் விற்க மிச்சமிருந்தது அந்தத் தோப்பு மட்டும்தான். இத்தனை வருஷம் பிடிவாதம் பிடித்த அத்தைமேல் எனக்கு அப்படி ஒரு கோபம். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

அவர் இறகு பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் கையைத் துடைத்துக்கொண்டார். "எங்க கையெழுத்துப் போடணும்?" அவ்வளவுதான்.

போடாதவர் அப்பா.

அன்று மாலை அத்தை வீட்டு முற்றத்தில் பறவை வாட்டிக்கொண்டிருந்தோம். என் பிள்ளைகள் விரலெல்லாம் கொழுப்போடு அடித்துக்கொண்டு தின்றார்கள். அப்பா நாற்காலியிலிருந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை நீட்டினேன்.

"இத வித்தா எனக்கு ரெண்டு வருஷம் கூடக் கெடைக்கும். அப்புறம் இதுங்க எதத் தின்னும்? காலு எதுக்குடா எனக்கு? ஓட்டறதுக்குக் காரு இருக்கா?"

"போடுடா கழுத. நானே போட்டுட்டேன்ல" என்று அத்தை கத்தினார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

"இத்தன வருஷம் நீ மாட்டேன்ன. இப்ப நான் மாட்டேங்கிறேன். சரியாப் போச்சு" என்றார் அப்பா. இன்னொரு பறவை கேட்டு வாங்கித் தின்றார்.

அப்பா அதன் பிறகு ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. அத்தைமேல் இருந்த கோபமெல்லாம் அவர்மேல் திரும்பிவிட்டது; இன்னும் தீரவில்லை.

அவருடைய பாதி இப்போது என்னுடையது. அத்தைக்குக் கழி தூக்கத் தெம்பில்லை, நான் வீசுகிறேன். "உங்கப்பன் காரு ஓட்டின மாதிரியே வீசுற" என்று மரத்தடியிலிருந்து திட்டுகிறார். மிச்சமிருக்கும் மண்ணைக் கேட்டுச் சுரங்க ஆட்கள் இன்னும் வருகிறார்கள். மாலையில் மட்டும் வராதீர்கள், பறவை மிரளும் என்று சொல்லி அனுப்புகிறேன்.