குழிக்கு ஒரு பிள்ளை

டீச்சர் ஒன்று சொல்லி அம்மா வேறொன்று சொன்னால், பிள்ளை யார் பேச்சைக் கேட்பது? நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மூத்தவள் கேட்டாள். "தங்கச்சி கைய விடாதேங்கிற நீ. வரிசையில ஒவ்வொருத்தரா வாங்கங்கிறாங்க டீச்சர். நான் என்னம்மா செய்ய?" பதில் தேடுவதற்குள் அடுப்பில் கடுகு கருகிவிட்டது. அந்தத் தீய்ந்த வாசத்தில் எனக்குப் பழைய மண்வாசம் வந்தது.

எழுபத்தொன்றில், பாகிஸ்தானோடு சண்டை நடந்த சமயம், போடியில் இதே பள்ளிக்கூடத்தில் நான் நாலாம் வகுப்பு, தங்கை ஒன்றாம் வகுப்பு. குண்டு விழுந்தால் பிள்ளைகள் ஒளியப் பதுங்கு குழி வேண்டுமென்று தலைமையாசிரியர் முடிவு செய்தார். "நம்மூரு ஏலக்காய்க்கா குண்டு போட வர்றான்?" என்று அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதே எல்லாவற்றுக்கும் பயம்.

வெட்ட வந்தவர்கள் மலையில் ஏலத்தோட்ட வேலைக்காரர்கள். தலைமையாசிரியர் வேலையைச் சொல்லிவிட்டுத் தேனிக்குப் போய்விட்டார். திரும்பிவந்து பார்த்தால், நீளமாக ஒரே பள்ளத்துக்குப் பதில், வேப்பமரத்தடியில் முட்டளவு ஆழத்தில் சதுரம் சதுரமாகக் குழிகள். ஆறடிக்கு ஒன்று, நூல் பிடித்த மாதிரி.

"என்னய்யா இது? ஏலச்செடியா நடப்போறேன்?"

"அளவு தப்பாது சார். நெழலு பாத்துத்தான் வெட்டியிருக்கோம்" என்றார் அவர்களைக் கூட்டி வந்த கங்காணி, பெருமையாக.

மறுபடி வெட்ட நேரமில்லை. குழிக்கு ஒரு பிள்ளை என்று தலைமையாசிரியர் சட்டம் போட்டுவிட்டார்.

ஒத்திகையன்று காலையில் தலை பின்னும்போதே அம்மா சொல்லியிருந்தாள்: "குண்டு விழுந்தாலும் சரி, கூரை விழுந்தாலும் சரி, தங்கச்சி கைய விட்டுட்டு வீட்டுக்கு வராத."

மணி அடித்தது. தங்கை ஒரு குழிக்குள் குதித்தாள். நான் யோசித்தேன். கால் என் குழியில், கை அவள் குழியில், மீதி நான் நடுமேட்டில் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியர் ஓடி வந்தார். "ஏ பிள்ள! மேலருந்து பாத்தா நீ ஒருத்திதான் தெரிவ. குண்டு நேரா ஒன் முதுகுலதான்!"

"காலு குழிக்குள்ளதான் சார் இருக்கு" என்று அழுதேன்.

குழிக்குள் கொய்யாக்காய் கடித்துக்கொண்டிருந்த தங்கை, "கைய எடுக்கா, கசகசங்குது" என்றாள்.

வீட்டில் அம்மா பாவாடையைப் பார்த்துவிட்டு, "கைய விடாதன்னா மண்ணுல பொரளவா சொன்னேன்?" என்று ஒரு அடி வைத்தாள். இரண்டு பேச்சையும் கேட்டவளுக்கு இரண்டு இடத்திலும் திட்டு.

விமானம் எதுவும் வரவில்லை. சண்டை முடிந்ததும், வெட்டிய குழியை வீணாக்க மனமில்லாமல் கங்காணி ஒன்றில் ஏலச்செடி வைத்துப் பார்த்தார். போடி வெயிலில் அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இன்று வேப்பமரமும் இல்லை, குழிகளும் இல்லை. அங்கே சிமெண்டுத் தரை. அதில்தான் என் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். தங்கை பக்கத்து ஊர் தேவாரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கேட்டால், கொய்யாக்காய் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதாம்.

இன்று காலை மூத்தவளிடம், "டீச்சர் சொல்றதக் கேளு" என்றேன். அவள் செருப்பு மாட்டி வாசல் தாண்டியதும், "கைய மட்டும் விட்டுராத!" என்று கத்தியும்விட்டேன். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது, நான் எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதுங்களேன். அவள் இன்னும் எங்கேயும் குப்புறப் படுக்கவில்லை. அதற்குள் எழுதினால் நல்லது.