என் புடவையில் கல்லூரிக்குப் போனவள்

மகளுக்கு ஒரு வருஷம் போனது என்னால்தான். சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. அவள் பி.எஸ்சி. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அவள் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். எனக்கு ஆபீசில் பிரமோஷன் வரும் நேரம். லீவு போட மனசில்லை. கொஞ்சம் பார்த்துக்கொள் என்று அவளை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு நான் பஸ் பிடித்தேன். அந்தக் கொஞ்சம் மாதக்கணக்கில் நீண்டது. அட்டென்டன்ஸ் குறைந்து, பரீட்சை எழுத விடவில்லை. மறுபடி அதே வகுப்பில் உட்கார வேண்டும் என்றார்கள். எனக்குப் பிரமோஷன் வந்தது.

கரமனையில் எங்கள் அக்ரஹாரத்தில் ஒரு வீட்டில் தாளித்தால் கடைசி வீட்டுக்குத் தெரியும். என்ன புத்தியோ எனக்கு, அவளும் பாஸாகி, தம்பானூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கப் போகிறாள் என்று அக்கம்பக்கத்தில் அளந்துவிட்டேன். அளந்ததற்கு ஏற்ற வேஷம் வேண்டாமா? சுடிதார்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கல்லூரிக்குக் கட்டிக்கொண்டு போக என் ஆபீஸ் புடவைகளைக் கொடுத்தேன். தினமும் நானே மடிப்பு வைத்துப் பின் குத்திவிட்டேன். மகளுக்குத் துணையாக நிற்கிறேன் என்று பெருமை வேறு.

பேசாமல் கட்டிக்கொண்டு போனவள், ஒரு திங்கட்கிழமை எழுந்திருக்கவில்லை. இனிமேல் படிப்பே வேண்டாம் என்றாள். கத்தினேன். பாதியில் விட்டால் உருப்படுவாயா என்று கேட்டேன். அவள் அப்பா நல்ல கையை ஆட்டி என்னை அடக்கினார். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"முதல் நாள் கிளாஸுக்குள்ள போனதும் எல்லாப் பொண்குட்டிகளும் எழுந்து நின்னா, அம்மா. புது டீச்சர்னு நெனச்சுண்டா. நான் போய் கடைசி பெஞ்சில உக்காந்தேன். சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை. ஒருத்தரும் சிரிக்கல்லை. இன்னிவரைக்கும் பக்கத்துல வந்து உக்காரவும் இல்லை."

இத்தனை நாளும் இதைச் சொல்லாமல், காலையில் நான் புடவை கட்டிவிட எனக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாளே, பாவி நான். சுடிதாரிலேயே போ, யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அரை மனதாகச் சம்மதித்தாள்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொன்னேன், பஸ் ஸ்டாப் வரை கூடப் போக. வாசலிலேயே எதிர்வீட்டு மாமி பிடித்துக்கொண்டாள். சென்டரில் இன்று புடவை வேண்டாமா என்று கேட்டாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் பேச ஆரம்பித்தேன். வாயில் வந்தது என்ன தெரியுமா?

"சென்டர் ஒண்ணும் இல்லை மாமி. இவ தோத்துப் போயிட்டா. திரும்பப் படிக்கறா."

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"தோக்கல்லை மாமி. பரீட்சையே எழுதல்லை. ராவும் பகலும் அப்பாவோட ஆஸ்பத்திரியில இருந்தேன்."

சொல்லிவிட்டு, எனக்காகக் காத்திராமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

மாமி அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமிக்குக் குத்திப் பேசத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்போ நீ எங்கே இருந்தே?"