என்ற ஊட்டுக்காரி கை

நான் பனியன் கம்பெனியில குவாலிட்டி பாக்கறவன். இருபது வருசமா அடுத்தவங்க தைச்சதுல குத்தம் கண்டுபிடிச்சே சோறு திங்கறேன். அந்தப் புத்தி ஊட்டுக்கு வந்தாலும் விடாது. அதனால இதை எழுதறப்ப என்ற குத்தத்தை முதல்லயே சொல்லிப்போடறேன். என்ற ஊட்டுக்காரி சால்சா ஆடறதை நிறுத்துனதுக்குக் காரணம் நான். அவ கை இல்லை.

மக கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குப் போனதுக்கப்புறம் எங்களுக்கு ஞாயித்துக்கெழமைன்னாலே ரோதனையாப் போச்சு. கறி எடுத்து ஆக்கித் தின்னு தூங்கி எந்திரிச்சா மணி நாலு. அப்புறம் ஆளுக்கொரு போனைப் பாத்துட்டு உக்காந்திருப்போம். ஒரு நாள் அவ போனை என்ற மூஞ்சிக்கு நேரா நீட்டினா. பெருமாநல்லூர் ரோட்டுல ஒரு மொபைல் கடைக்கு மேல மாடியில, ஞாயித்துக்கெழமை காலையில சால்சா கிளாஸ், ஜோடியா வரலாம்னு போட்டிருந்துச்சு.

"ஏனுங்க, போலாங்களா?"

"நாப்பத்தஞ்சு வயசுல நமக்கெதுக்கு புள்ள இந்தக் கூத்து?"

"உக்காந்து உக்காந்து உங்களுக்கு வயிறு பெருத்ததுதான் மிச்சம். எந்திரிங்க." போனோம்.

மாஸ்டர் பெங்களூர்ல கத்துக்கிட்டு வந்தவர், தங்கமான மனுசன். ஒண்ணு ரெண்டு மூணுக்குக் காலு நகரோணும், நாலுக்கு நிக்கோணும். அஞ்சு ஆறு ஏழுக்கு மறுபடி நகரோணும், எட்டுக்கு நிக்கோணும். அவ்வளவுதான் அடிப்படை. கேக்கறதுக்குச் சின்ன விசயம், எனக்கு நாலு வாரம் ஆச்சு. நிக்க வேண்டிய எடத்துல எனக்கு நிக்கவே வராது, நாலுக்கும் ஒரு அடி வெச்சுப்போடுவேன். அவ மொத நாளே பிடிச்சுட்டா. அவளும் பனியன் கம்பெனியில சாம்பிள் செக்சன்ல தைக்கறவ, மெஷின் பெடலை மிதிச்சுப் பழகுன காலு. எங்க மிதிக்கோணும் எங்க விடோணும்னு அதுக்குத் தெரியும்.

சுத்தறதுலதான் எங்களுக்குள்ள சண்டை. ஆம்பளை கையைத் தூக்கி வழியக் காட்டோணும், பொம்பளை அதைப் பாத்துச் சுத்தோணும். நான் காட்ட மாட்டேன், இழுப்பேன். "சார், இழுக்காதீங்க. கையைத் தூக்குனாப் போதும், மேடம் அவங்களே வருவாங்க"ன்னு மாஸ்டர் சொல்லுவார். "எங்கீங்க வர்றா?"ன்னு நான் பழியைத் தூக்கி அவ மேல போடுவேன். அவ மணிக்கட்டைத் தேய்ச்சு விட்டுக்குவா.

அஞ்சாவது வாரம் ஜோடி மாத்தி ஆடச் சொன்னாங்க. இது எல்லா சால்சா கிளாசுலயும் இருக்கற வழக்கமாம். ஆறு ஜோடியும் வட்டமா நிக்கோணும். மாஸ்டர் கையைத் தட்டுனா பொம்பளைங்க அங்கயே நிப்பாங்க, ஆம்பளைங்க ஒரு எடம் தள்ளிப் போயி அடுத்தவங்க கையைப் பிடிக்கோணும்.

இந்த எடத்துல அவ கையைப் பத்திச் சொல்லோணும். அவளுக்குச் சின்ன வயசுல இருந்தே உள்ளங்கை வேர்க்கும். மொத மொத வேலைக்குப் போன கம்பெனியில, வெள்ளைத் துணியில வேர்வைக் கறை படுதுன்னு சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னாடியும் சத்தம் போட்டு, கறுப்புத் துணி தைக்கற லைனுக்கு மாத்தி விட்டுட்டாராம். சிரிச்சுட்டேதான் சொல்லுவா. ஆனா இன்னிக்கும் புதுசா யாருக்காவது கை குடுக்கறதுன்னா முந்தானையில துடைச்சுட்டுத்தான் குடுப்பா.

அன்னிக்கு மூணாவதா அவகிட்ட வந்தவர் சாயப்பட்டறையில டையிங் மாஸ்டரா இருக்கற ஒரு திருநெல்வேலிக்காரர். அவர் கையை லேசாத்தான் தூக்கினார். அவ சுத்தினா. மறுபடி தூக்கினார், மறுபடி சுத்தி வந்து கரெக்டா அவர் முன்னாடி நின்னா. நின்னுட்டுச் சிரிச்சா பாருங்க, அந்தச் சிரிப்பை நான் கல்யாணமான புதுசுல பாத்தது. எனக்கு வயிறு எரிஞ்சுது. பொய் சொல்லி என்ன ஆகப்போகுது, நல்லாவே எரிஞ்சுது. என்கிட்ட ஒரு வாட்டிகூட வராத சுத்து இவன்கிட்ட எப்படி வருதுன்னு பல்லைக் கடிச்சேன்.

கிளாஸ் முடிஞ்சதும் அவ செருப்பு மாட்டப் போன நேரத்துல மாஸ்டரைத் தனியாக் கூப்பிட்டேன். "மாஸ்டர், என்ற ஊட்டுக்காரிக்கு வேத்து ஆம்பளை கையைப் பிடிக்கறதுக்குக் கூச்சமுங்க. அவளா வாயத் தொறந்து சொல்ல மாட்டா. நீங்களும் கேட்டுப்போடாதீங்க, சங்கடப்படுவா. மத்தவங்ககிட்ட மட்டும் சித்தெ சொல்லி வெச்சிருங்க." அடக் கெரகமே, வாய் கூசாமச் சொன்னேன். "ஐயோ, முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்"னு அந்த மனுசன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த வாரத்துல இருந்து அவ முன்னாடி வந்த ஒவ்வொரு ஆம்பளையும் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு, ஒரு அடி தள்ளி நின்னு, வெறும் காலால மட்டும் ஆடினாங்க. "நீங்க ஆடுங்கக்கா"ன்னு சிரிச்ச முகமாத்தான் சொன்னாங்க. நம்ம பக்கத்து மரியாதையைச் சொல்லோணுங்களா? ஒருத்தர்கூடக் காரணத்தைச் சொல்லலை, அவளும் கேக்கலை. நானோ சுத்திச் சுத்தி அஞ்சு பொம்பளைங்க கையையும் பிடிச்சு ஆடிட்டு இருந்தேன். எனக்கு ஒரு கூச்சமும் வரலை.

வண்டியில வரும்போது பின்னால இருந்து கேட்டா. "ஏனுங்க, என்ற கை ரொம்ப வேர்க்குதுங்களா?"

அங்கயே நெசத்தைச் சொல்லியிருக்கோணும். "சித்தெ வேர்க்குது"ன்னேன்.

அதுக்கடுத்த வாரம் கைக்குட்டை கொண்டு வந்தா. அதுக்கும் அடுத்த வாரம் ஹேண்ட்பேக்குல பவுடர் டப்பா. ஒவ்வொரு கை தட்டலுக்கும் நடுவுல திரும்பி நின்னு கையில போட்டுத் தேய்ச்சுக்குவா. ஆம்பளைங்க கை பின்னாலயே இருந்துச்சு. ஒரு நாள் பொறுக்க முடியாம, ஒரு பெரியவர் முன்னாடி அவளே ரெண்டு கையையும் நீட்டிட்டா. அவர் பதறிப்போயி ஒரு கும்பிடு போட்டுட்டு, தள்ளி நின்னு ஆட ஆரம்பிச்சார். அவ கையை எறக்கி, துப்பட்டாவுல துடைச்சுட்டு, தனியா ஒண்ணு ரெண்டு மூணு போட்டா. நான் இதையெல்லாம் இன்னொரு பொம்பளையோட தோளுக்கு மேல பாத்துட்டுத்தான் இருந்தேன். மனசு குறுகுறுன்னுச்சு. ஆனாலும் வாயத் தொறக்கலையே, நானெல்லாம் ஒரு மனுசனா?

"இனி நான் வரலைங்க, நீங்க போயிட்டு வாங்க"ன்னுட்டா. நானும் ரெண்டு மாசம் போனேன். ஊட்டுல இருந்தா அவ மூஞ்சியப் பாக்கோணும், அதுக்குப் பயந்துட்டுப் போனேன். "அண்ணே, அக்காவுக்கு இன்னும் கூச்சம் போவலியா? எங்க எல்லாத்தையும் விட அவங்கதான நல்லா ஆடுவாங்க"ன்னு அந்தத் திருநெல்வேலிக்காரர் கேட்டார். "ஆமாப்பா"ன்னு சொல்லிட்டுத் தண்ணி குடிக்கப் போயிட்டேன்.

போன மாசம் ஒரு நாள் சோறு போட்டுட்டே சொன்னா. "கோயமுத்தூர்ல ஒரு தோல் டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மெண்ட் வாங்கிட்டேனுங்க. உள்ளங்கையில ஊசி போடுவாங்களாம். ஒரு கைக்கு இருபது முப்பது குத்து குத்தோணுமாம், வலிக்குமாம். ஆனா நாலஞ்சு மாசத்துக்கு வேர்க்காதாமுங்க. அப்புறம் நானும் கிளாசுக்கு வரேன்." ஏதோ டூருக்குக் கெளம்பறவ மாதிரி மூஞ்சி பூரிச்சுக் கெடந்துச்சு. நான் பாதிச் சோத்துலயே கையைக் கழுவிட்டேன்.

அந்த நாள் வர்ற வரைக்கும் தினமும் சொல்லிப்போடலாம்னு நெனப்பேன், சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில மரத்துப்போற க்ரீமை அவ உள்ளங்கையில தடவி, மேல பிளாஸ்டிக் கவரைச் சுத்தி உக்கார வெச்சாங்க. ரெண்டு கையையும் மடியில மல்லாத்தி வெச்சுட்டு, மூக்கு அரிச்சாக்கூடச் சொறிய முடியாம உக்காந்திருந்தா. "மூக்கைச் சித்தெ தேய்ச்சு விடுங்க"ன்னு சிரிச்சா. தேய்ச்சு விட்டேன். அதுக்கு மேல என்னால முடியலை. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன்.

அவ கவர் சுத்துன கையைப் பாத்தா.

"அப்ப மாஸ்டருக்குத் தெரியுமுங்களா?"

"எனக்குப் பொறாமைன்னு அவருக்குத் தெரியாது. உனக்குக் கூச்சம்னு நெனச்சுட்டு இருக்கறார்."

"அந்தத் திருநெல்வேலிக்காரரும்?"

"எல்லாருமே அப்படித்தான்."

"அப்ப நான் நல்லாத்தான் ஆடுனனாங்க?"

"ஆமா புள்ள. இருந்தவங்கள்லயே நீதான் நல்லா ஆடுன."

"இதைக் கழட்டுங்க"ன்னு ரெண்டு கையையும் நீட்டினா. கவரைப் பிரிச்சு விட்டேன். நர்சுகிட்டப் போயி "இன்னிக்கு வேண்டாமுங்க சிஸ்டர்"னு சொல்லிட்டு முன்னால நடந்தா.

பஸ்சுல ஜன்னலோரம் உக்காந்தவ அவினாசி வர்ற வரைக்கும் வெளியவே பாத்துட்டு வந்தா. நல்லாத் திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. நான்தான் ஆரம்பிச்சேன். "ஞாயித்துக்கெழமை கிளாசுக்குப் போலாம் புள்ள. நானே எல்லாத்து முன்னாடியும் நெசத்தைச் சொல்லிப்போடறேன். நீ பழையபடி ஆடு."

அவ என்ற பக்கம் திரும்பினா. கோவம்கூட இல்லை அந்த மூஞ்சியில.

"கை வேர்வைன்னா ஊசி போட்டுட்டுப் போயிருப்பேனுங்க. நீங்க நெசத்தைச் சொன்னா, புருசனே நம்பாத பொம்பளைன்னு பாப்பாங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அங்க போயி நிக்கறது?"