சோடியாய்ப் பிறந்த நாகு

எங்கள் வீட்டுப் பசு ஒரே ஈற்றில் இரண்டு கன்று போட்டது. ஒன்று ஆண்கன்று, நாம்பன்; மற்றது பெண்கன்று, நாகு. கரவெட்டியில் பாதிச் சனம் வந்து பார்த்தது. மாமிக்கு வாயெல்லாம் பல். மருமகளாய் வந்து ஐந்து வருடமாகியும் எனக்குத்தான் பிள்ளையில்லை. ஆசுபத்திரியில் என்னைச் சோதித்து ஒரு குறையுமில்லை என்றார்கள். என் கணவரையும் வரச்சொல்லி எழுதித் தந்த துண்டு அலுமாரியில் கிடந்தது. கேட்டால், "பாப்பம், பாப்பம்."

நாகுக்குப் புல்லும் பிண்ணாக்கும் வைத்து வளர்த்தது நான். மூன்று வயதாகியும் அது ஒருநாள்கூடக் காளை தேடிக் கத்தவில்லை. மாட்டு டொக்டரைக் கூப்பிட்டோம். அவர் கையுறை போட்டுச் சோதித்தார். அது பேசாமல் நின்றது.

"நாம்பனோடை சோடியாப் பிறந்ததோ?"

"ஓம்."

"அப்ப உது சினைப்படாது."

எனக்கும் என் கணவருக்கும் கொட்டில் வாசலிலேயே விளங்கப்படுத்தினார். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு வை. வையிலுள்ள ஒரு பரம்பரையலகுதான், ஜீன்தான், கருவில் ஆணின் விதையை உண்டாக்கச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் பெண்ணின் சூலகம் வளரும். எங்கள் நாகு எக்ஸ் எக்ஸ்தான். ஆனால் பசுவின் வயிற்றில் இரண்டின் இரத்தமும் கலந்து, நாம்பனின் விதையில் சுரந்தது இதன் சூலகத்தையும் கருப்பையையும் வளரவிடாமல் செய்துவிட்டது.

நானும் தம்பியோடு சோடியாய்ப் பிறந்தவள்.

"மனுசருக்கும் உப்பிடியோ, டொக்டர்?"

"சீச்சீ! மனுசரிலை இரத்தம் உப்பிடிக் கலக்கிறேல்லை. பயப்பிடாதேங்கோ."

என் கணவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பின்னேரம் கோயிலால் வந்த மாமியிடம் விஷயத்தைச் சொன்னோம். நாகுக்காகக் கவலைப்படுவார் என்று நினைத்தேன்.

"அதுதானே பாத்தன்! உவளும் தம்பியோடை சோடியாப் பிறந்தவள்தானே. தெரிஞ்சிருந்தால் கலியாணம் செய்திருப்பமே?"

"மாமி, அது மாட்டுக்குத்தான். டொக்டரே சொன்னவர். இவரும் நிண்டவர்."

மாமி மகனைப் பார்த்தார். "ஓமோடா?"

நானும் அவரைத்தான் பார்த்தேன். ஒரு சொல் போதும்.

"மனுசருக்கும் வரலாம் எண்டமாதிரித்தான் கதைச்சவர், அம்மா."

பாவி மனுசன்! என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அடுத்தநாள் பால் வாங்க வந்தவர்கள் என்னையும் நாகையும் மாறிமாறிப் பார்த்தார்கள். யாருக்கென்று போய் எக்ஸையும் வையையும் விளங்கப்படுத்துவது?

அந்தக் கிழமையே மாட்டு வியாபாரி லொறியோடு வந்தார். எங்கே கொண்டுபோகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் கணவர் கயிற்றை அவிழ்த்தார். நாகு என் கையை நக்கியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"உந்த வாயில்லாச் சீவனே சோதிக்க அடங்கி நிண்டது. நீங்கள் எப்ப ஆசுபத்திரிக்குப் போறியள்?"

அவர் கயிற்றை வியாபாரியிடம் கொடுத்தார். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அம்மாவுக்குக் கேக்கப்போகுது," என்றார். "மெல்லக் கதை."