மடுவத்தில் வாசித்த கடிதம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஆசிரியர் பயிற்சிக்காகக் கண்டிக்குப் போயிருந்தேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து அப்படிப் போன முதல் பெண் நான்தான். அம்மா கொழுந்து பறிப்பவர். அவருக்கும் அப்பாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அம்மாவின் கடிதம் தவறாமல் வந்துவிடும். எரவல் வாங்கின புத்தகத்தைத் திருப்பிக் கொடு, யாரைப் பற்றியும் புறம் பேசாதே, படிக்கும்போது படி, தூங்கும்போது தூங்கு என்று ஒரே புத்திமதிதான். யாரோ எழுதிக் கொடுக்கிறார்கள் என்று தெரியும். யார் என்று நான் கேட்டதே இல்லை.

"இருக்கினம்" என்று பேசிப் பழகிய விடுதிப் பிள்ளைகள் என் தோட்டத் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். நான் "இருக்காங்க" என்றால் போதும், அதையே சொல்லிக் காட்டுவார்கள். வெட்கத்தில் வகுப்பில் வாய் திறப்பதையே விட்டுவிட்டேன். ஒருநாள் அழுகை தாங்காமல், "எனக்கு இந்தப் படிப்பு வேணாம்மா, வந்துர்றேன். யார்கிட்டயும் சொல்லிறாதீங்க" என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைதான் அதை எடுத்துவந்து, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் ஆட்களிடம் கொடுப்பார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுபவரும், அம்மா சொல்லச் சொல்ல எழுதுபவரும் அவரேதான். தினமும் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் மலை முழுக்கக் கேட்கும்படி பேர் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. "யார்கிட்டயும் சொல்லிறாதீங்க" என்பதையும் மனிதர் அதே சத்தத்தில் வாசித்திருக்கிறார்!

இதெல்லாம் எனக்குப் பதில் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"வரணும்னா வா கண்ணு, ஒன் வீடுதானே. ஆனா வாரதுக்கு முன்னாடி வகுப்புல எந்திரிச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வா. நம்ம கணக்கப்புள்ள மாதிரி சத்தமா கேக்கணும். அதுக்கும் சிரிச்சாங்கன்னா அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்துரு."

அதற்குக் கீழே ஆளுக்கொரு வரி. பக்கத்து வீட்டு அக்கா அழக்கூடாது என்கிறாள். மேல் லயத்துப் பெரியம்மாவுக்கு, சோறு ஒழுங்காகப் போடுகிறார்களா என்று தெரிய வேண்டுமாம். கடைசியில் கணக்கப்பிள்ளை தன் கணக்குக்கு எழுதியிருந்தார்: "பாப்பா, நான் மெதுவாத்தான் வாசிச்சேன்."

மானம் போயிற்றே என்று ஒரு பக்கம் கோபம். ஆனால் அந்தக் கடைசி வரியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

மறுநாள் பையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன். எழுந்து, பாடத்தில் புரியாமல் இருந்த ஒன்றைக் கேட்டேன். அந்தச் சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அசல் கணக்கப்பிள்ளை குரல்! வகுப்பே சிரித்தது. என்னாலும் அடக்க முடியவில்லை, நானும் சேர்ந்து சிரித்தேன்.

விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. சிரிச்ச ஆக்களில ஒராள் எழும்பி இதுக்கு மறுமொழி சொல்லுங்கோ பாப்பம்" என்றார். சிரித்தவர்கள் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்கள். அன்று மாலை, சிரித்த பிள்ளைகளில் இரண்டு பேர் அதே பாடத்தைப் பேச என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

அம்மா சொன்னபடி பார்த்தால் நான் பஸ் ஏறியிருக்க வேண்டும். பையை அவிழ்த்துவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "நான் வரலம்மா, படிக்கிறேன். இத எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிக்கச் சொல்லுங்க" என்று எழுதினேன்.

ஆசிரியையாகி ஆண்டுகள் பல ஓடிவிட்டன. இன்றும் புதிய இடத்தில் பேச எழும்போது தயக்கம் வந்தால், கூடையை இறக்கி வைத்துவிட்டு என் கடிதத்துக்குக் காது கொடுத்து நின்ற அந்த மடுவத்துப் பெண்களையும் அவர்கள் நடுவே அம்மாவையும் நினைத்துக்கொள்வேன். குரல் தானாக உயர்ந்துவிடும்.