கழற்றிப் போட்ட சக்கரம்

பட்டறைக்காரரை எல்லோரும் பல் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பல்சக்கரங்களைக் கையில் வாங்கியதும் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்ப்பார். உருவத்தில் ஒல்லி, கோபத்தில் பெரிய ஆள். ஊரில் அவர் திட்டாத டிரைவர் கிடையாது, ஒருவரைத் தவிர. அது அவருடைய அண்ணன்.

அண்ணனின் பஸ் மேட்டுப் பாதையில் முக்கி முனகி ஓடிய கிழம். அதை நெடுஞ்சாலையில் ஓட்ட ஆசைப்பட்டு, "வேகமா போற மாதிரி மாத்திக் குடுடா" என்று வந்து நின்றார். தம்பி பின் அச்சைப் பிரித்து, பழைய பல்சக்கர ஜோடியைக் கழற்றிவிட்டு வேகத்துக்கான ஜோடியைப் பூட்டினார். கழற்றியதைக் கம்பியால் சேர்த்துக் கட்டி மண்ணெண்ணெய்த் தட்டில் வைத்தார். ஜோடியைப் பிரித்தால் இரண்டும் குப்பை என்பது அவர் கட்சி.

மறுநாள் மதியம் அண்ணன் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போன பிறகு, பட்டறையில் தட்டு ரீங்காரமிட்டது.

அண்ணன் பஸ்ஸின் குரல் அது. மண்ணெண்ணெய் வட்டவட்டமாக நடுங்கியது. சத்தம் ஏறியது, அந்தக் கிழம் ஒருநாளும் தொட்டிராத உச்சத்துக்கு ஏறியது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பஸ்ஸில் வேகம் காட்டும் முள் செத்து எத்தனையோ வருஷமாயிற்று. அண்ணன் காதால் ஓட்டுகிறவர். இஞ்சின் கத்தினால் வேகம், முனகினால் நிதானம். பழைய ஜோடியாக இருந்தால் இந்த வேகத்துக்கு இஞ்சின் இப்படித்தான் கத்தியிருக்கும்; புது ஜோடியில் பஸ் பறக்கும்போதும் அது முனகத்தான் செய்யும். அதைச் சொல்ல மறந்துவிட்டார், பாவி.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் எடுக்கவில்லை.

கம்பி அறுந்தது. தொடுவார் இல்லாமலே பெரிய சக்கரம் சுழன்றது. "ஐயோ, நில்லு! நில்லுன்னா!" என்று அலறியபடி அவர் வலது உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினார். பற்கள் சதையைக் கிழித்தன. அவர் விடவில்லை. சத்தம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் அண்ணனே கூப்பிட்டார்.

"டேய், மெதுவாதான்டா போறேன்னு நெனச்சேன். திடீர்னு முன்னாடி லாரி. பிரேக்கு பிடிக்கல. பின் அச்சு தானா இறுகி, லாரிக்கு ஒரு சாண் முன்னாடி நின்னுடுச்சு."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே அண்ணா?"

"ஒரு கீறல் கூட இல்ல."

தம்பி அழுதுவிட்டார். "என் தப்புண்ணா. அங்கேயே இரு, நான் வர்றேன். வண்டியத் தொடாதே."

"வா, வா. வந்து இதையும் பாரு. பின் அச்சுல ரத்தமா இருக்குடா."

"யாராவது அடிபட்டுட்டாங்களா?"

"அந்த லாரியத் தவிர ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. அது ஒரு கையோட தடம்டா. அஞ்சு விரலும் தெரியுது. இன்னும் ஈரமா இருக்கு."